ஒட்டு வந்த நாளும் ஒட்டிய நாளும்: மென்பொருள் ஓட்டைகளின் நிர்வாக வரலாறு

2017 மார்ச் 9ஆம் தேதி, அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸில் ஒரு மின்னஞ்சல் சுற்றுக்கு விடப்பட்டது. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் மென்பொருளில் கடுமையான ஓட்டை ஒன்று கண்டறியப்பட்டுள்ளது, அதைப் பயன்படுத்துவோர் 48 மணி நேரத்துக்குள் திருத்தத்தைப் பொருத்திவிட வேண்டும் என்பது செய்தி. அரசின் கணினி அவசர எச்சரிக்கை வந்து ஒரு நாளே ஆகியிருந்தது. திருத்தம் இலவசமாகவே கிடைத்தது. நிறுவனத்தின் செயல் எந்த அளவுகோலாலும் வேகமானதுதான். ஆனால் அந்த மின்னஞ்சல் பட்டியல் பழையது. திருத்தத்தைப் பொருத்த வேண்டிய கைகள் அதில் இடம்பெறவில்லை. மார்ச் 15 அன்று ஓட்டைகளைத் தேடும் கருவி ஓடவிடப்பட்டது. அது எதையும் காணவில்லை. மே மாத நடுவில், வாடிக்கையாளர் முறையீட்டுத் தளத்தின் வழியாக உள்ளே நுழைந்தவர்கள் 76 நாட்கள் உலவினார்கள். உள்ளே வரும், வெளியே போகும் தரவைப் பிரித்துப் பார்க்க வேண்டிய கண்காணிப்புக் கருவியின் சான்றிதழ் 2016 ஜனவரியிலேயே காலாவதியாகிவிட்டதால், அது அவ்வளவு காலமும் கண்மூடிக் கிடந்தது. 2017 ஜூலை 29 அன்று சான்றிதழைப் புதுப்பித்தவுடன் ஐயத்துக்குரிய போக்குவரத்து தெரியவந்தது. அதற்குள் ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவை பறிபோயிருந்தன. அவர்களில் பெரும்பாலோர் ஈக்விஃபாக்ஸைத் தேடிச் சென்ற வாடிக்கையாளர்கள்கூட அல்லர். கடன் வாங்கியதாலேயே அந்த நிறுவனத்தின் பதிவேட்டில் இடம்பெற்றவர்கள்.

அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நின்ற முன்னாள் தலைமை நிர்வாகி, செய்தியை உரியவர்களுக்குக் கடத்தத் தவறிய ஒரு தனிமனிதரைச் சுட்டினார். 2018 டிசம்பரில் வெளியான நாடாளுமன்றக் குழு அறிக்கை வேறு திசையில் விரல் நீட்டியது. தகவல் பாதுகாப்பு அதிகாரி, கணினிகளை இயக்கும் பிரிவின் தலைவரிடம் அன்றி, சட்டப் பிரிவின் தலைவரிடம் பொறுப்புச் சொல்லும் அமைப்பு அங்கே இருந்தது. ஓட்டையை அறிந்த துறை ஒன்று. அடைக்க வேண்டிய துறை மற்றொன்று. இரண்டுக்கும் இடையே பாதை இல்லை. துளைக்கப்பட்ட தளமோ 1970களில் உருவான அமைப்பின் வழிவந்தது. எந்தக் கணினியில் எந்த மென்பொருள் ஓடுகிறது என்னும் முழுமையான பட்டியலே அந்த நிறுவனத்திடம் இல்லை.

மென்பொருள் ஓட்டைகளின் வரலாறு வழக்கமாகக் கண்டுபிடிப்பின் வரலாறாகவே எழுதப்படுகிறது: யார் கண்டார், எப்படிக் கண்டார், எவ்வளவு பரிசு பெற்றார் என்று. ஓட்டை அறியப்பட்ட நாளுக்கும் அது உண்மையில் அடைக்கப்பட்ட நாளுக்கும் இடையிலான காலத்தைப் பற்றி யாரும் பெரிதாக எழுதுவதில்லை. கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளின் பெருந்தாக்குதல்களில் பல இந்த இடைவெளியில்தான் நிகழ்ந்தன. செயற்கை நுண்ணறிவு இத்துறைக்குள் நுழைந்ததன் பொருளையும் இந்த இடைவெளியை அளந்தே மதிப்பிட வேண்டியிருக்கிறது.

தொடக்கம் 1988 நவம்பர் 2. கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ராபர்ட் மாரிஸ் விடுத்த புழு நிரல், அன்றைய இணையத்தின் சுமார் 60,000 கணினிகளில் பத்தில் ஒரு பங்கைச் செயலிழக்கச் செய்தது என்பது அக்கால மதிப்பீடு. அது பயன்படுத்திய வழிகளில் ஒன்றான, மின்னஞ்சல் நிரலில் சோதனைக்காக விட்டுவைக்கப்பட்ட கதவு, வல்லுநர் சிலருக்கு முன்பே தெரிந்ததுதான். தெரிந்தவர்கள் பிறருக்குச் சொல்ல ஓரிடம் இல்லை. சில வாரங்களிலேயே அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தார்ப்பா முகமை, கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் செர்ட் ஒருங்கிணைப்பு மையத்தை நிறுவியது. தகவல் ஓரிடத்தில் சேர வேண்டும், அங்கிருந்து பரவ வேண்டும் என்பதே அதன் அடிப்படை எண்ணம். பின்னர் உலகெங்கும் எழுந்த செர்ட் அமைப்புகள் எல்லாம், இந்தியாவில் 2004 ஜனவரியில் தொடங்கிய செர்ட்-இன் உட்பட, இந்த எண்ணத்தின் பிள்ளைகள்.

அடுத்து வந்தது பெயர்ச் சிக்கல். 1990களின் இறுதியில் சந்தையில் இருந்த ஓட்டை தேடும் கருவிகள் ஒரே ஓட்டைக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தன. இரண்டு கருவிகள் தரும் பட்டியல்களை ஒப்பிட முடியாது; ஒன்று கண்டதை மற்றது கண்டதா என்பதுகூடத் தெரியாது. 1999 ஜனவரியில் மைட்டர் நிறுவனத்தின் டேவிட் மான், ஸ்டீவன் கிறிஸ்டி இருவரும் ஒவ்வோர் ஓட்டைக்கும் ஒரு பொது எண் வேண்டும் என்று ஒரு கருத்தரங்கில் முன்மொழிந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் 321 பதிவுகளோடு சி.வி.இ. பட்டியல் பிறந்தது. 2024ஆம் ஆண்டில் மட்டும் அதில் சேர்ந்த புதிய பதிவுகள் 40,000க்கும் மேல். நூலகவியல் படித்தவர்களுக்கு இது வியப்பளிக்காது: நல்ல அட்டவணை ஒன்று உருவானால், அதில் இடம்பெறத் தக்க பொருள்களும் பெருகத் தொடங்கும்.

ஆக, ஓட்டையை அறிவிக்க இடம் கிடைத்தது, அழைக்கப் பெயர் கிடைத்தது. அடைப்பது மட்டும் அவரவர் பொறுப்பிலேயே நின்றது. ஆங்கிலத்தில் பேட்ச் எனப்படும் திருத்தத்தைத் தமிழில் ஒட்டு என்றே சொல்லலாம். துளையிட்ட காகித நாடாக்களில் நிரல் எழுதிய காலத்தில், தவறான துளைகளின் மேல் உண்மையாகவே காகிதத் துண்டை ஒட்டினார்கள். சொல் அங்கிருந்து வந்தது. அந்த ஒட்டு எவ்வளவு வேகமாகப் பொருத்தப்படுகிறது என்று முதன்முதலில் பொறுமையாக அளந்தவர்களில் ஒருவர் எரிக் ரெஸ்கோர்லா. 2002 ஜூலையில் ஓப்பன்-எஸ்எஸ்எல் மென்பொருளில் ஓட்டைகள் அறிவிக்கப்பட்டு ஒட்டும் வெளியான பின், பாதிப்புக்குள்ளாகத் தக்க சர்வர்களை அவர் தொடர்ந்து தட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டார். இரண்டு வாரங்களுக்குப் பின்னும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவை திறந்தே கிடந்தன. செப்டம்பரில் அந்த ஓட்டையைப் பயன்படுத்தும் புழு பரவிய பிறகே அடுத்த சுற்று நிர்வாகிகள் எழுந்தார்கள். ஓட்டை இருப்பதாகச் சொன்னது அவர்களை அசைக்கவில்லை. அடுத்த வீட்டில் திருடன் புகுந்த செய்தியே அசைத்தது.

இந்த ஆய்வு 2003இல் வெளியாவதற்குள், அதே ஆண்டு ஜனவரி 25 அன்று ஸ்லாமர் புழு அதற்கு உரை எழுதிவிட்டது. மைக்ரோசாஃப்ட் தரவுத்தள மென்பொருளின் ஓட்டை அது. ஒட்டு வெளியாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. தாக்கத் தக்க கணினிகளில் 90 விழுக்காடு பத்து நிமிடத்துக்குள் வீழ்ந்தன. பேங்க் ஆஃப் அமெரிக்காவின் ஏடிஎம்கள் முடங்கின; தென்கொரியாவின் இணையம் தடுமாறியது. ஒட்டை வெளியிட்ட மைக்ரோசாஃப்டின் உள் வலையமைப்பே தொற்றுக்கு ஆளானது இந்தக் கதையின் மிக முக்கியமான வரி. தயாரித்தவர்களாலேயே தங்கள் வீட்டில் பொருத்த முடியாத ஒட்டை மற்றவர்கள் ஏன் பொருத்தவில்லை என்று கேட்பதில் பொருளில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் தன் ஒட்டுகளை மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையில் மொத்தமாக வெளியிடும் முறைக்கு மாறியது. நிர்வாகிகளுக்குத் தேவைப்பட்டது வேகம் அன்று, நாட்காட்டி என்பதை ஒரு பெருநிறுவனம் ஒப்புக்கொண்ட தருணம் அது.

ஒட்டாமல் விடுவதைச் சோம்பல் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் ஒட்டே இயந்திரத்தைக் கொல்லலாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான புதுப்பிப்பு ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்கு இருக்கைச் சீட்டுகள் கையால் எழுதித் தரப்பட்டன. காப்பதற்காக நிறுவிய நிரலே முடக்கியது. அதுவும் உடனுக்குடன் புதுப்பிப்பு ஏற்கும் ஒழுக்கமான நிறுவனங்களையே முடக்கியது. ஒட்டைச் சோதித்துப் பார்க்க ஒரு வாரம் கேட்கும் மருத்துவமனைக் கணினி நிர்வாகியின் அச்சம் பகுத்தறிவுக்கு உட்பட்டதே. அந்த ஒரு வாரம் ஓராண்டாக நீள்வதில்தான் சிக்கல்.

அது எப்படி நீள்கிறது என்பதற்கு இந்தியாவில் ஏடிஎம் இயந்திரங்களை விடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்துக்கான ஆதரவை 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்தியது. அதன் பின் அதில் காணப்படும் ஓட்டைகளுக்கு வழக்கமான ஒட்டு வராது. தேதி பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. இந்தியாவின் ஏடிஎம்களில் பெரும் பகுதி அன்றும் எக்ஸ்பியிலும் ஆதரவு இழந்த பிற இயங்குதளங்களிலும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாண்டுகள் கழித்து, 2017 ஏப்ரலில் இந்திய ரிசர்வ் வங்கி இதுகுறித்து வங்கிகளுக்கு எழுதியது. அடுத்த மாதம் வான்னகிரை தாக்கியது. அது நுழைந்த ஓட்டைக்கு மார்ச் 14 அன்றே ஒட்டு வெளியாகியிருந்தது. பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையில் ஆயிரக்கணக்கான சிகிச்சை நேரங்கள் இரத்தாயின; ஆந்திரத்தில் காவல் துறைக் கணினிகள் சில பூட்டப்பட்டன. அதற்குப் பின்னும் ஓராண்டு கடந்தது. 2018 ஜூன் 21 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வங்கிகளின் மெத்தனத்தைக் கடுமையாகக் கருதுவதாகச் சொல்லி, கால அட்டவணை ஒன்றை விதித்தது: செப்டம்பருக்குள் 25 விழுக்காடு இயந்திரங்கள், டிசம்பருக்குள் 50, 2019 மார்ச்சுக்குள் 75, ஜூனுக்குள் முழுமையும் ஆதரவுள்ள இயங்குதளத்துக்கு மாற வேண்டும்.

ஐந்தாண்டுத் தாமதத்துக்குக் காரணம் அறியாமை அன்று. ஏடிஎம் அறைக்குள் நிற்பவர் காணும் பெயர்ப்பலகை ஒரு வங்கியுடையது. ஆனால் பிரவுன் லேபிள் எனப்படும் முறையில் இயந்திரம் ஒரு சேவை நிறுவனத்தின் சொத்து. இடத்துக்கான வாடகையும் பராமரிப்பும் அதன் பொறுப்பு. பணத்தை நிரப்புவதோ பெரும்பாலும் மற்றொரு நிறுவனம். சேவை நிறுவனத்துக்குக் கிடைப்பது ஒப்பந்தத்தில் எழுதிய கட்டணம் மட்டுமே. புதிய இயங்குதளத்தைப் பழைய இயந்திரத்தின் செயலியும் நினைவகமும் தாங்காத இடங்களில் மென்பொருள் மாற்றம் என்பது வன்பொருள் மாற்றமாகிவிடும். அந்தச் செலவு யாருடையது என்று ஒப்பந்தங்கள் எழுதப்பட்டபோது யாரும் கேட்கவில்லை. 2018 நவம்பரில் ஏடிஎம் தொழில் கூட்டமைப்பு ஓர் எச்சரிக்கை விடுத்தது: நாட்டின் ஏறத்தாழ 2.38 லட்சம் ஏடிஎம்களில் 1.13 லட்சம், பெரும்பாலும் நகரங்களுக்கு வெளியே இருப்பவை, 2019 மார்ச்சுக்குள் மூடப்பட நேரலாம். புதிய பாதுகாப்பு விதிகளும் பணம் நிரப்பும் விதிகளும் தாங்க முடியாத சுமை. மூடல் அந்த அளவில் நிகழவில்லை. ஆனால் அந்த எச்சரிக்கையை வெறும் பேரம் என்று ஒதுக்குவதும் சரியன்று. மென்பொருள் பாதுகாப்பு என்னும் பெயரில் ஒரு சிற்றூரின் ஒரே ஏடிஎம் மூடப்பட்டால், ஓய்வூதியம் எடுக்க வரும் முதியவருக்கு எக்ஸ்பியின் ஓட்டையும் விதியின் கண்டிப்பும் ஒன்றே. பாதுகாப்பின் செலவை யார் சுமப்பது என்னும் கேள்விக்கு எந்த ஒட்டும் விடை தருவதில்லை.

செயற்கை நுண்ணறிவு இத்துறைக்குப் புதியது என்னும் எண்ணமும் பிழையானது. டாரதி டென்னிங் 1987இல் வெளியிட்ட ஊடுருவல் கண்டறியும் மாதிரி, ஒரு கணினியின் இயல்பான நடத்தையைப் புள்ளியியலால் கற்று, விலகலை அடையாளம் காணும் எண்ணத்தை முன்வைத்தது. இன்று நிறுவனங்களுக்கு விற்கப்படும் பாதுகாப்புப் பொருள்களில் பாதியின் அடித்தளம் அந்தக் கட்டுரையில் கிடக்கிறது. அதன் எல்லையையும் வேறொருவர் விரைவில் காட்டினார். 1999இல் ஸ்வீடன் ஆய்வாளர் ஸ்டெஃபான் அக்செல்சன் எளிய நிகழ்தகவுக் கணக்கு ஒன்றைப் போட்டார். எடுத்துக்காட்டாக, ஒரு நிறுவனத்தில் நாளொன்றுக்குப் பத்து லட்சம் நிகழ்வுகள் பதிவாகின்றன, அவற்றுள் உண்மைத் தாக்குதல் பத்து என்று கொள்வோம். கருவி ஆயிரத்தில் ஒரு முறையே தவறாகக் கூவும் என்றாலும் ஒரு நாளில் ஆயிரம் பொய்க் கூச்சல்கள் எழும். மெய்யான பத்து அவற்றுள் புதைந்து போகும். கருவியின் கூர்மையை விட, அதைக் கேட்டு எழ வேண்டிய மனிதர்களின் எண்ணிக்கையே எல்லை. கால் நூற்றாண்டு கடந்தும் இக்கணக்கு பழையதாகவில்லை.

ஓட்டை நிர்வாகத்தில் இயந்திரக் கற்றல் நுழைந்தது ஆரவாரமில்லாத ஒரு வாசல் வழியாக. 2005 முதல் ஒவ்வோர் ஓட்டைக்கும் பத்துக்குள் ஒரு கடுமை மதிப்பெண் இடும் வழக்கம் பரவியது. நாளடைவில் 'மிகக் கடுமை' என்னும் கூடையே நிரம்பி வழிந்தது. எல்லாமே அவசரம் என்றால் எதுவும் அவசரமில்லை. 2019இல் முன்மொழியப்பட்ட ஈ.பி.எஸ்.எஸ். என்னும் மாதிரி கேள்வியை மாற்றிப் போட்டது: இந்த ஓட்டை எவ்வளவு கொடியது என்பதை விடுத்து, இதை யாராவது உண்மையில் பயன்படுத்துவார்களா என்று கணிக்க முயன்றது. 2021 நவம்பரில் அமெரிக்காவின் சீசா முகமை இன்னும் நேரடியான வழியை எடுத்தது. ஏற்கெனவே தாக்குதலுக்குப் பயன்பட்டவை என்று உறுதியான ஓட்டைகளை மட்டும் பட்டியலிட்டு, அரசுத் துறைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் கெடு விதித்தது. எல்லாவற்றையும் அடைக்க முடியாது என்று வெளிப்படையாகச் சொன்ன இவ்விரு முயற்சிகளே இத்துறையின் நேர்மையான கட்டத்தைக் குறிக்கின்றன.

ஆரவாரமான வாசலும் இருந்தது. 2016 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் தார்ப்பா நடத்திய போட்டியில் ஏழு கணினிகள் மனிதத் தலையீடின்றி ஒன்றன் ஓட்டையை மற்றொன்று தேடித் தாக்கி, தத்தம் ஓட்டைகளை அடைத்துக்கொண்டன. கார்னெகி மெலன் ஆய்வாளர்கள் உருவாக்கிய மேஹெம் 20 லட்சம் டாலர் வென்றது. அது போட்டிக்கெனச் சமைத்த சிறிய உலகம். 2023இல் அறிவித்து 2025 ஆகஸ்டில் முடிந்த அடுத்த போட்டியில் பெருமொழி மாதிரிகள் களமிறங்கின. களமும் உலகெங்கும் பயன்படும் திறந்தமூல மென்பொருள்களாக இருந்தது. ஜார்ஜியா டெக் தலைமையிலான அட்லாண்டா அணி 40 லட்சம் டாலர் பரிசு பெற்றது. இறுதிச் சுற்றில் எல்லா அணிகளின் அமைப்புகளும் சேர்ந்து, வேண்டுமென்றே புதைத்து வைத்த ஓட்டைகளில் 54ஐக் கண்டுபிடித்து 43க்கு ஒட்டு எழுதின. யாரும் புதைக்காத, உண்மையான ஓட்டைகள் 18 அகப்பட்டன; அவற்றுள் 11க்கு ஒட்டு எழுதப்பட்டது. ஒரு பணிக்கான சராசரிச் செலவு சுமார் 152 டாலர். இவ்வெண்களைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. கண்டுபிடிப்பதன் விலை இவ்வளவு வேகமாக இறங்கியது இதுவரை நிகழாத ஒன்று. ஆனால் எழுதிய ஒட்டும் பொருத்திய ஒட்டும் ஒன்றல்ல. ஈக்விஃபாக்ஸிலும் ஒட்டு எழுதப்பட்டேதான் இருந்தது.

கண்டுபிடிப்பு மலிவாகும் அதே ஆண்டுகளில், அதைத் தாங்க வேண்டிய பொது அமைப்புகள் தள்ளாடுகின்றன. 2024 பிப்ரவரியில் அமெரிக்கத் தேசிய ஓட்டைத் தரவுத்தளம், சி.வி.இ. பதிவுகளுக்கு விளக்கமும் மதிப்பெண்ணும் சேர்க்கும் பணியில் பின்தங்கியது. சில மாதங்களில் ஆயிரக்கணக்கான பதிவுகள் தேங்கின. 2025 ஏப்ரலில் சி.வி.இ. பட்டியலை நடத்தும் மைட்டரின் அரசு ஒப்பந்தமே முடிவடையும் நிலைக்கு வந்து, கடைசி நேரத்தில் பதினோரு மாதம் நீட்டிக்கப்பட்டது. உலகின் வங்கிகளும் மருத்துவமனைகளும் இந்தியாவின் செர்ட்-இன்னும் சார்ந்து நிற்கும் பொது எண் முறை, ஒரு நாட்டின் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி.

இந்திய ஒழுங்குமுறை இந்தக் காலத்தில் பெரிதும் நேரத்தைச் சுருக்கும் திசையில் நடந்தது. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் பிறப்பித்த ஆணை, பாதுகாப்பு நிகழ்வை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கணினிப் பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்றது. ஆறு மணி நேரம் என்பது உடைந்த பின் ஒலிக்கும் மணிக்கான கெடு. அதை விட அடிப்படையானது 2024 அக்டோபரில் அதே அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல்: ஒரு மென்பொருளுக்குள் எந்தெந்தக் கூறுகள் அடங்கியுள்ளன என்னும் உட்பொருள் பட்டியலை நிறுவனங்கள் கேட்டுப் பெற்றுப் பேண வேண்டும் என்பது அது. செய்தித்தாள்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே ஓட்டை வெளிப்பட்டபோது உலகெங்கும் நிறுவனங்களின் முதல் வாரம் அடைப்பதில் கழியவில்லை. தங்களிடம் அது எங்கெங்கே இருக்கிறது என்று தேடுவதில் கழிந்தது.

இச்சுமை இறுதியில் எங்கே போய் விழுகிறது என்பதைக் கர்ல் மென்பொருளின் கதை காட்டுகிறது. இணையம் வழியே தரவை எடுக்கவும் அனுப்பவும் பயன்படும் இந்தச் சிறு கருவி கைப்பேசி முதல் மகிழுந்து வரை கோடிக்கணக்கான கருவிகளில் உறைகிறது. அதைப் பேணுவதோ ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்கும் சில தன்னார்வலர்களும். ஓட்டையைக் கண்டு தெரிவிப்போருக்கு 2019 முதல் அத்திட்டம் வெகுமதி வழங்கிவந்தது. 2024க்குப் பின் மொழி மாதிரிகள் எழுதிய பொய் அறிக்கைகள் குவியத் தொடங்கின: தோற்றத்தில் தேர்ந்த வல்லுநர் நடை, உள்ளே இல்லாத ஓட்டை. ஒவ்வொன்றையும் பொய் என்று நிறுவ ஒரு மனிதர் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். 2025 செப்டம்பரில் ஓர் ஆய்வாளர் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைத் தேர்ந்த கையோடு பயன்படுத்தி மெய்யான குறைகளின் நீண்ட பட்டியல் ஒன்றை அனுப்பியபோது, ஸ்டென்பெர்க் அதை வெளிப்படையாகப் பாராட்டினார். கருவி ஒன்றே; பயன்படுத்துபவர் தாம் அனுப்பியதற்குப் பொறுப்பேற்றாரா என்பதே வேறுபாடு. ஆனாலும் பொய் அறிக்கைகளின் வரத்து குறையவில்லை. 2026 ஜனவரியோடு வெகுமதித் திட்டம் மூடப்பட்டது. ஓட்டைகளைத் தெரிவிக்கும் வழி இன்னும் திறந்திருக்கிறது. பணம் மட்டும் நிறுத்தப்பட்டது.